பட்டா மட்டுமல்ல, புல்வெளியும் உண்டு: நீலகிரி மந்துகளுக்கு வன உரிமைச் சட்டம் தருவது என்ன?

வன உரிமைச் சட்டம் என்று பேச்சை எடுத்தாலே முதலில் வரும் கேள்வி, "எத்தனை ஏக்கர் பட்டா கிடைக்கும்?" கேட்பதில் தப்பில்லை. தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்துக்குக் கையில் ஒரு காகிதம் இல்லாதவர்கள் வேறென்ன கேட்பார்கள்? ஆனால் நீலகிரியின் மேட்டுப் பகுதியில் மந்து என்னும் சிறு குடியிருப்புகளில் எருமையையும் புல்லையும் நம்பி இருக்கும் தோடர் மக்களுக்கு, பட்டாவைவிடப் பெரிய ஒன்று இதே சட்டத்துக்குள் இருக்கிறது. புல்வெளியைப் புல்வெளியாகவும், சதுப்பைச் சதுப்பாகவும் வைத்திருக்க ஊர் கூடி முடிவெடுக்கும் உரிமை அது. கேட்டு வாங்கியவர்கள் குறைவு. அதனால்தான் இந்த விளக்கம்.

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் ஒன்பதாவது மைலில் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. ஷூட்டிங் மட்டம் என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. நம் கண்ணுக்கு அது வெறும் புல். ஆனால் அந்த மாதிரி இரண்டு மேடுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் இறங்கிப் பாருங்கள். மண் கறுப்பாக இருக்கும், மிதித்தால் கால் லேசாக உள்ளே போகும், எடுத்தால் அந்தக் குழியில் தண்ணீர் ஊறி நிற்கும். மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற இடம் அது. இப்படிப்பட்ட பள்ளங்களில் கசிவதுதான் ஓடையாகி, பைக்காராவாகி, மாயாறாகி, பவானிசாகரில் போய்ச் சேருகிறது. ஈரோட்டுப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் பார்ப்பவருக்கும் இந்தப் பள்ளத்துக்கும் சம்பந்தம் உண்டு.

வெள்ளைக்காரர்கள் இதைத் தரிசு என்று எழுதி வைத்தார்கள். 1840களில் தொடங்கி சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் வந்தன. அப்போது காரணம் விறகு. சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்கும் ஆலை மரக்கூழுக்கும் என்று நடவு இன்னும் பெரிதானது. புல்வெளியில் புதிதாக நடுவது 1980களின் பிற்பகுதியில் நின்றது. ஆனால் சீகைக்கு யாரும் நட வேண்டியதில்லை. ஒரு மரத்தை வெட்டினால் மண்ணில் பல பத்தாண்டுகளாகத் தூங்கிக் கிடந்த விதையெல்லாம் ஒன்றாக முளைத்து, அடுத்த மழைக்குள் கால் வைக்க இடம் இருக்காது. பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாக 2018-ல் வந்த செயற்கைக்கோள் ஆய்வு சொன்னது. மரத்தோப்பும் விவசாயமும்தான் காரணம்.

சரி, இதில் சட்டம் எங்கே வருகிறது?

வன உரிமைச் சட்டம் 2006-ல் நிறைவேறி, 2007 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. விதிகள் 2008-ல் வந்தன, 2012-ல் திருத்தப்பட்டன. சட்டத்தில் 'வன நிலம்' என்பதற்கு மரம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. காப்புக் காடு, பாதுகாக்கப்பட்ட காடு, வகைப்படுத்தாத காடு, சரணாலயம், தேசியப் பூங்கா, இவற்றுக்குள் வரும் எந்த வகை நிலமும் வன நிலம்தான். ஆக, காப்புக் காட்டுக் கணக்கில் உள்ள புல்வெளியும் சதுப்பும் இதில் அடங்கும். "அது புல்தானே, காடு இல்லையே" என்று மனுவைத் திருப்ப முடியாது.

அடுத்து, 'சமூக வன வளம்' என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருளைக் கவனியுங்கள். ஊரின் மரபு எல்லைக்குள் வரும் பொது வன நிலம் என்று சொல்லிவிட்டு, கால்நடை வளர்ப்பவர்களுக்கு அவர்கள் பருவத்துக்குப் பருவம் பயன்படுத்தும் நிலப்பரப்பும் சேரும் என்கிறது. தோடர்களுக்கென்றே எழுதியதுபோல் இருக்கும். கோடையில் இந்தப் பக்கம் புல் காய்ந்தால் எருமைகளை மேற்கே குந்தா பக்கத்து மந்துகளுக்கு ஓட்டிப் போய், மழை தொடங்கியதும் திரும்புவது அவர்களுடைய பழைய வழக்கம். ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே ஆள் இருந்த மந்தும் அதைச் சுற்றிய மேய்ச்சல் நிலமும் இந்த வரையறைக்குள் வரும்.

இந்தச் சட்டத்தில் உரிமைகள் மூன்று தட்டுகளில் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். முதலாவது தனிநபர் உரிமை, ஏ படிவம். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அனுபவத்தில் இருந்த நிலம், அதிகபட்சம் நான்கு ஹெக்டேர். கணவன் மனைவி இருவர் பெயரிலும் பட்டா. வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இரண்டாவது சமூக உரிமை, பி படிவம். மேய்ச்சல், சிறுவனப் பொருள் சேகரிப்பு, நீர்நிலைப் பயன்பாடு போன்றவை. மூன்றாவதுதான் நான் சொல்ல வந்தது, சி படிவம். சமூக வன வளத்தைப் பாதுகாக்க, மீட்டெடுக்க, நிர்வகிக்க ஊருக்கு உள்ள உரிமை. பி படிவம் எருமையை மேய விடும். சி படிவம் வந்தால்தான் அந்த மேய்ச்சலில் என்ன வளரலாம், என்ன வளரக் கூடாது என்பதில் ஊருக்குப் பேச்சுரிமை வரும். சட்டத்தின் 5-ஆவது பிரிவு இதை இன்னும் அழுத்துகிறது. நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் நீர் ஆதாரங்களையும் சூழல் முக்கியத்துவம் உள்ள இடங்களையும் காப்பதற்குக் கிராம சபைக்கு அதிகாரம் கொடுக்கிறது, அவற்றைக் கெடுக்கும் செயலைத் தடுக்க முடிவெடுக்கவும் சொல்கிறது.

இதன் அருமை ஜூன் 5-ஆம் தேதி தெரியும். சுற்றுச்சூழல் தினம் என்று மரக்கன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள் கெட்ட எண்ணத்தோடு வருவதில்லை. காலி இடம் என்று நினைத்துக் குழி தோண்டிவிடுகிறார்கள். சி படிவத்தில் உரிமை பெற்ற ஊர், "இங்கே நட வேண்டாம், இது சதுப்பு" என்று தீர்மானம் போட்டு நிறுத்தலாம். மரம் வைக்காமல் இருப்பதும் சூழல் வேலைதான் என்பதை எடுத்துச் சொல்ல இதைவிட நல்ல காகிதம் கிடையாது.

யாருக்குப் பொருந்தும்? தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் எல்லாரும் பட்டியல் பழங்குடிகள். காட்டில் அல்லது காட்டை நம்பி வாழ்வதும், 2005 டிசம்பர் 13 என்ற தேதியும் போதும். பழங்குடிப் பட்டியலில் இல்லாத படுகர் போன்றவர்கள் 'பிற மரபுசார் வனவாசிகள்' என்ற வகையில் வர வேண்டும். அவர்கள் அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். கணக்குப் போட்டால் 1930. சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களுக்கு இந்த வழி அடைபட்டதாகத்தான் இருக்கிறது. அதை மறைத்து ஆசை காட்டக் கூடாது.

மேலே சொன்ன ஆறு பழங்குடிகளும் குறிப்பாக நலிவடைந்த பழங்குடிகள் பட்டியலில் இருப்பதால், அவர்களுக்கு 'வாழிட உரிமை' என்று தனியாக ஒன்று உண்டு. மத்தியப் பிரதேசம் திண்டோரி மாவட்டத்துப் பைகா மக்கள் நாட்டிலேயே முதலில் இதைப் பெற்றார்கள். வீடு, மேய்ச்சல், கோயில், தெய்வம் உறையும் சிகரம் எல்லாவற்றையும் ஒரே வாழிடமாகப் பார்க்கும் உரிமை அது. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

நடைமுறைக்கு வருவோம். எல்லாம் கிராம சபையில் தொடங்குகிறது. இங்கே ஒரு சிக்கல் எப்போதும் வரும். ஊராட்சியின் கிராம சபை என்றால் பல குக்கிராமங்கள் சேர்ந்தது, அதில் மந்துக்காரர்கள் நாலு பேர். ஆனால் இந்தச் சட்டம் பழைய குடியிருப்புகளையும் அளவை செய்யப்படாத ஊர்களையும்கூட, அரசு அறிவித்திருந்தாலும் இல்லாவிட்டாலும், 'கிராமம்' என்றே எடுத்துக்கொள்கிறது. ஆகவே மந்து அளவில், குக்கிராம அளவில் சபை கூட்டக் கேளுங்கள். உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். அந்தச் சபை 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். அதில் மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

குழு எல்லையை நடந்து பார்த்து வரைபடம் போடும். பக்கத்து ஊரின் எல்லையோடு மோதினால் இரண்டு குழுக்களும் உட்கார்ந்து பேச வேண்டும். வனத்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் முன்கூட்டியே தகவல் கொடுத்து, அவர்கள் முன்னிலையில் கள ஆய்வு நடக்கும். அவர்கள் வராமல் இருந்துவிட்டுப் பிறகு ஆட்சேபம் சொன்னால் இன்னொரு ஆய்வு நடத்தலாம். அதற்கும் வராவிட்டால் கிராம சபை சொன்னதே இறுதி. 2012 திருத்தத்தில் வந்த இந்த விதி நிறைய பேருக்குத் தெரியாது. அதன் பிறகு தீர்மானத்தோடு கோட்ட அளவிலான குழுவுக்கும், அங்கிருந்து ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். படிவங்கள் இலவசம். எங்கே கொடுத்தாலும் தேதி போட்ட ஒப்புகை வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

ஒரு ஊருக்குச் சமூக வன வள உரிமை கொடுக்கப்படவில்லை என்றால், ஏன் என்று மாவட்டக் குழுவின் செயலாளர் பதிவு செய்ய வேண்டும் என்றும் விதி இருக்கிறது. "எங்கள் ஊருக்கு என்ன காரணம் எழுதியிருக்கிறீர்கள்?" என்று ஒரு மனு போட்டாலே கோப்பு அசையும்.

சான்றுகள் என்றால் பலர் பயந்துவிடுகிறார்கள். பழைய பட்டா, ரசீது எதுவும் இல்லையே என்று. விதிகள் கேட்பது அதையல்ல. ஒன்றுக்கு மேற்பட்ட சான்று வேண்டும், அவ்வளவுதான். மரபான மேய்ச்சல் இடம், கால்நடை தண்ணீர் குடிக்கும் இடம், கோயில், இடுகாடு, பழைய கட்டுமானத்தின் மிச்சம், மனுதாரர் அல்லாத மூத்தவர் ஒருவரின் வாக்குமூலத்தை எழுதியது, எல்லாமே சான்று. தோடர் கோயிலின் கூரையையே எடுத்துக்கொள்ளுங்கள். அது வேயப்படுவது எரியோக்ரைசிஸ் ரங்காச்சாரி என்ற புல்லால். அந்தப் புல் சதுப்பில்தான் வளரும், இப்போது அரிதாகிவிட்டது. எந்தச் சதுப்பிலிருந்து அறுத்து வருகிறோம் என்று சொல்ல ஒரு பெரியவர் இருந்தால், அந்தச் சதுப்புக்கும் மந்துக்கும் உள்ள உறவுக்கு அதைவிடச் சான்று வேண்டுமா? எருமைகள் நடந்து நடந்து பள்ளமான தடம், இடிந்த தொழுவத்தின் வட்டக் கல்சுவர், இவற்றையும் படம் எடுத்து இடத்தைக் குறித்து வையுங்கள். இன்னொன்று, அக்காலத்து வெள்ளைக்காரப் பதிவுகளும் கைகொடுக்கும். தோடர்களைப் பற்றி மானிடவியலாளர் ரிவர்ஸ் 1906-ல் வெளியிட்ட நூலில் மந்துகளின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. 1908-ல் வந்த மாவட்ட கெஜட்டியரும் உண்டு. நிலத்தைத் தரிசு என்று எழுதியவர்களின் காகிதமே இப்போது நமக்குச் சாட்சி சொல்கிறது.

செயற்கைக்கோள் படத்தில் தெரியவில்லை என்று மட்டும் சொல்லி மனுவைத் தள்ள முடியாது. படம் துணைச் சான்றுதான்.

தேசியப் பூங்காவுக்குள் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பார்கள். முக்கூர்த்தி தேசியப் பூங்கா இங்கேதானே இருக்கிறது, முதுமலைப் புலிகள் காப்பகம் வேறு. சட்டத்தின் வரையறையிலேயே சரணாலயமும் தேசியப் பூங்காவும் இருக்கின்றன. புலிகள் காப்பக மையப் பகுதியில் உரிமை தர வேண்டாம் என்று 2017-ல் ஒரு சுற்றறிக்கை வந்து, அடுத்த ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன மலைச் சோளகர்கள் 2011-ல் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சமூக உரிமை வாங்கியிருக்கிறார்கள். அங்கும் மேலே சோலையும் புல்வெளியும்தான். மனு விசாரணையில் இருக்கும்போது யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்பதும் சட்டத்தில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இவ்வளவு தாமதமாவதற்கு ஒரு பின்கதை உண்டு. 2008-ல் உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு ஒன்று, நீதிமன்ற அனுமதி இல்லாமல் பட்டா தரக் கூடாது என்றது. 2016-ல்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. எட்டு ஆண்டுகள் அப்படியே போயின.

இந்த உரிமை தராதவற்றையும் சொல்லிவிட வேண்டும். வேட்டை கிடையாது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டு ரிசார்ட் கட்ட முடியாது. கோடையில் புல்லுக்குத் தீ வைக்கும் பழைய வழக்கம் தானாகத் திரும்பி வந்துவிடாது. வனச் சட்டம் அதைக் குற்றமாகத்தான் பார்க்கிறது. தீ வைத்தால் புதுப்புல் வரும், புதர் அடங்கும் என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் அதை ஊரின் மேலாண்மைத் திட்டத்தில் எழுதி, வனத்துறையோடு உட்கார்ந்து, எந்த மேட்டில் எந்த மாதம் என்று முடிவு செய்த பிறகே பேச வேண்டும். தீப்பெட்டியோடு தனியாகப் போனால் வழக்குதான் மிஞ்சும்.

அந்த மேலாண்மைத் திட்டம் உரிமை வந்த பிறகு ஊர் போட வேண்டியது. கிராம சபை ஒரு குழு அமைத்து எழுதலாம். பெரிய அறிக்கையெல்லாம் வேண்டாம். எந்தச் சதுப்பின் ஓரம் சீகை முளைக்கிறது, மழைக்குப் பிறகு மண் இளகியிருக்கும்போது நாற்றை வேரோடு பிடுங்குவது யார், வெட்டிய மரத்தின் விறகு யாருக்கு, கூரைப் புல்லை எத்தனை ஆண்டு அறுக்காமல் விடுவது, இவைதான் திட்டம். மாநில அரசு 2022-ல் அயல் தாவரங்களை அகற்றவும் சூழலை மீட்கவும் ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது. ஊர்த் திட்டத்தில் சீகை அகற்றுவது இருந்தால், அந்தக் கொள்கையைக் காட்டி ஆட்கூலி கேட்க முடியும். வனத்துறை நடத்தும் வரையாடு திட்டத்துக்கும் புல்வெளிதான் அடிப்படை. ஆக, மேய்ச்சல்காரரும் வனக்காவலரும் ஒரே சீகை நாற்றைப் பிடுங்க வேண்டிய இடம் இது.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். அடுத்த சபை கூடுவதற்கு முன், மந்தில் வயதான ஒருவரைக் கூட்டிக்கொண்டு எருமைத் தடத்தில் ஒரு நாள் நடங்கள். அவர் நிற்கும் இடத்திலெல்லாம் நின்று, என்ன பெயர், யார் மேய்த்தார்கள், தண்ணீர் எந்த மாதம் வற்றும் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சி படிவத்தின் பாதி அந்த நோட்டிலேயே இருக்கும்.