எழுத்துரு

கணினியில் தட்டச்சு செய்கிற எல்லோரும் சொல்கிற 'ஃபான்ட்' என்ற சொல், உலோகத்தை உருக்கும் பட்டறையில் பிறந்தது. லத்தீனில் 'ஃபுண்டெரே' என்றால் ஊற்றுதல், உருக்குதல். அதிலிருந்து பிரெஞ்சு வழியாக, 'வார்ப்பு' என்ற பொருளோடு ஆங்கிலத்துக்கு வந்தது. ஈய அச்சுக் காலத்தில் ஒரே வடிவில், ஒரே அளவில் வார்த்த அச்செழுத்துகளின் முழுத் தொகுதிதான் ஒரு ஃபான்ட். 12 புள்ளி (பாயின்ட்) அளவு ஒன்று, 14 புள்ளி வேறொன்று. தமிழுக்கும் இந்த வார்ப்பு வரலாறு உண்டு. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற நூல் வார்த்த எழுத்துகளால்தான் அச்சானது. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவையாக இருந்ததால், சிறியவற்றை இங்கேயே வார்க்க வேண்டியதாயிற்று.

தமிழில் இதற்கு நிலைபெற்ற சொல் எழுத்துரு. வார்ப்பு என்ற பொருள் இதில் இல்லை. அது குறையும் இல்லை. இன்று எதையும் யாரும் உருக்குவதில்லை. 'உரு' என்பதை எழுத்தின் வடிவத்துக்கு ஆள்வது புதிதும் அல்ல: மகரக் குறுக்கத்தின் வடிவைச் சொல்லும் தொல்காப்பிய நூற்பா 'உட்பெறு புள்ளி உருவாகும்மே' என்கிறது. எழுத்து வேறு, அதன் உரு வேறு என்பதை இந்தச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது. ஆங்கிலச் சொல்லில் அந்தத் தெளிவு கிடையாது.

'பாமினி' என்ற பழைய தமிழ் எழுத்துரு இந்த வேறுபாட்டை அழித்துவிட்டது. அதில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அவற்றுக்குத் தமிழ் முகமூடி போடுவதோடு எழுத்துருவின் வேலை முடிந்தது. எழுத்துருவை மாற்றினால் முகமூடி கழன்றுவிடும். ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழுக்கென்றே 128 இடங்கள் கொண்ட தொகுதி இருக்கிறது. அங்கே எந்த எழுத்துருவுக்கு மாற்றினாலும் 'த' 'த'வாகவே இருக்கும். ஆகவே பாமினிக் கோப்பை முதலில் ஒருங்குறிக்கு மாற்றியாக வேண்டும். 'லதா' என்ற ஒருங்குறி எழுத்துருவைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மட்டும் அது சரியாகாது. குறியேற்றம் (எழுத்தைக் கணினி பதிந்துவைக்கும் முறை), விசைப்பலகை, எழுத்துரு ஆகிய மூன்றையும் 'ஃபான்ட்' என்ற ஒரே சொல்லால் குறிக்கும் பழக்கத்தை விட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

தமிழும் ஆங்கிலமும் கலந்த ஆவணத்தில் வேறொரு சிக்கல் வரும். வேர்டு, ஒவ்வொரு துண்டு உரைக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துருக்களை நினைவில் வைத்திருக்கிறது. ஆங்கிலத்துக்கு ஒன்று, தமிழ், இந்தி, அரபி போன்ற கூட்டு வரிவடிவங்களுக்கு இன்னொன்று. அளவும் தடிப்பும்கூடத் தனித்தனி. பாணியில் (ஸ்டைல்) ஆங்கிலத்தை 12 ஆக்கிய பிறகும் தமிழ் பழைய அளவிலேயே நிற்பது இதனால்தான். முதலில் ஆஃபிஸ் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு கன்ட்ரோல், டி இரண்டையும் சேர்த்து அழுத்தினால் வரும் பெட்டியில் லத்தீன் உரைக்கும் கூட்டு வரிவடிவத்துக்கும் தனித்தனிப் பகுதிகள் இருக்கும். இரண்டையும் நிரப்பி, இயல்பிருப்பாக அமைத்துவிடுங்கள். லிப்ரே ஆஃபிஸில் மொழி அமைப்புகளில் கூட்டு உரை வடிவமைப்பைக் குறியிட்டால், பாணிப் பெட்டியில் இதே பிரிவு தோன்றும்.

அளவைப் பொறுத்தவரை, பெரும்பாலான தமிழ் எழுத்துருக்கள் ஆங்கிலத்தைவிட அகலமானவை. ஆங்கிலம் 12 என்றால் தமிழை 11 அல்லது 10.5 வைப்பது கண்ணுக்கு ஒத்துப்போகும். வரி உயரம் ஏறி இறங்கினால் வரி இடைவெளியை 'சரியாக' (எக்ஸாக்ட்லி) என்று வைத்து 18 புள்ளி கொடுங்கள். அதை மிகவும் குறைத்தால் 'கீ'யின் மேற்சுழியும் 'ஞூ'வின் கீழ்ப்பகுதியும் வெட்டுப்படும்.

தமிழுக்குப் பதில் கட்டங்கள் தெரிந்தால், அந்த எழுத்துருவில் தமிழ் உருக்களே இல்லை என்று பொருள். கட்டம் இல்லாமல், 'கொ'வின் கொம்பும் காலும் புள்ளி வட்டத்தோடு பிரிந்து நின்றால் உருக்கள் இருக்கின்றன, அவற்றைச் சேர்க்கும் விதிகள்தாம் வேலை செய்யவில்லை. விண்டோஸ் 10இலிருந்து லதா, விஜயா என்ற எழுத்துருக்கள் கூடுதல் தமிழ் எழுத்துருத் தொகுப்பாகத் தனியே நிறுவ வேண்டியவை. 'நிர்மலா' எழுத்துரு மட்டும் கூடவே வரும். கோப்பு வேறு கணினிக்குப் போகிறதென்றால், சேமிப்பு அமைப்பில் 'எழுத்துருக்களைக் கோப்பில் உட்பொதி' என்பதைக் குறியிட்டு அனுப்புங்கள். உரிமம் இடந்தராத எழுத்துருக்கள் உட்பொதியாது. அப்போது பிடிஎஃப் ஒன்றையும் சேர்த்து அனுப்புவது நல்லது.