வாலை எந்தப் பக்கம் ஆட்டுகிறது?

ஏற்காட்டில் டிசம்பர் மாதம், காபிப் பழம் பறிக்கும் நேரம். சருகின் மேல் ஏதோ நடந்தது. நடக்கும்போது தெரிந்தது, நின்றதும் காணோம். நான் பைனாகுலரைத் தூக்குவதற்குள் கூடையோடு பழம் பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "வாலாட்டிக் குருவிங்க, ஓடைப்பக்கம் போனா நெறைய இருக்கும்" என்றார்.

பாதி சரி. ஓடையோரம் திரிவது கருஞ்சாம்பல் வாலாட்டி. இமயமலைப் பக்கமிருந்து குளிருக்கு வருவது. அடிப்பகுதி மஞ்சள், வால் மேலும் கீழுமாக ஆடும். மற்ற வாலாட்டிகளும் அப்படித்தான் ஆட்டும். சருகின் மேல் நடந்த இதுவோ பின்னுடலையே இடமும் வலமுமாக அசைத்தது. அப்படிச் செய்கிற வாலாட்டி ஒன்றே ஒன்று: கொடிக்கால் வாலாட்டி. ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையில் எப்போதாவதுதான் கண்ணில் படும்.

நிறத்தைப் பார்த்து ஏன் சொல்ல முடியவில்லை? முதுகு சருகைப் போல மங்கிய பழுப்புப் பச்சை. வெள்ளை மார்பில் இரண்டு கறுப்புப் பட்டைகள். மேலே உள்ளது கழுத்தில் கட்டிய பதக்கம் மாதிரி, கீழே உள்ளது நடுவில் அறுந்தது. கருத்த இறக்கையிலும் இரண்டு வெளிர்பட்டைகள். தனியாக வைத்துப் பார்த்தால் பளிச்சென்று இருக்கும். ஆனால் நம் கண் ஒரு பறவையை முதலில் அதன் விளிம்பை வைத்துத்தான் பிடிக்கிறது. இலைகளுக்கிடையே வெயில் துண்டு துண்டாக விழும் இடத்தில், இந்தப் பட்டைகள் விளிம்பையும் துண்டு துண்டாக வெட்டிவிடுகின்றன. பறவை ஒன்றாகத் தெரியாமல், நாலைந்து நிழல்களாகத் தெரிகிறது. அசைந்தால்தான் அந்தத் துண்டுகள் ஒன்று சேரும். அதனால் முதலில் அசைவைப் பாருங்கள், அப்புறம் மார்பை.

பெயரே தேட வேண்டிய இடத்தையும் சொல்லிவிடுகிறது. வெற்றிலைக் கொடிக்காலில் என்ன இருக்கும்? நிழல், ஈர மண், பூச்சி. சேலத்து வெயிலுக்கு மேலே, ஒரு தீவு மாதிரி 1500 மீட்டருக்கு எழுந்து நிற்கும் இந்த மலையில் அதையே தருவது சில்வர் ஓக் மர நிழலில் வளரும் காபித் தோட்டம். அறிவியல் பெயரில் 'இண்டிகஸ்' என்று இந்தியாவை ஒட்டவைத்தது 1789-இல். ஆனால் இது பெரும்பாலும் குஞ்சு பொரிப்பது ரஷ்யாவின் தூரக்கிழக்கு, சீனா, கொரியா பக்கம். கூடு மரக்கிளையில், வாலாட்டிகளில் இந்தப் பழக்கமும் இதற்கு மட்டும்தான்.

கூடை நகர்ந்தது. 'பிங்க்' என்று உலோகம் தட்டுகிற குரல். பறவை தண்ணீர்ப் பக்கம் போகாமல் நேரே சில்வர் ஓக் கிளைக்கு ஏறி, அதன் மேல் நடந்தது. அங்கேயும் இடம், வலம், இடம்.

"ஆமாங்க," என்றார் அந்த அம்மா, "இது வேற."