டி டிரைவும் சேர்ந்துதான் அழியும்

போன மாதம் காசிமேட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவன் பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் என் சர்வீஸ் கடைக்கு லேப்டாப்போடு வந்தான். வீடியோ பார்த்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டிருக்கிறான். அது நன்றாகவே ஓடியது. அக்கா கல்யாண போட்டோக்கள்தான் காணவில்லை. "டி டிரைவ்லதான அண்ணா வெச்சிருந்தேன், சி மட்டும்தான போகும்?" என்றான்.

இந்த நினைப்பு பலருக்கு இருக்கிறது. விண்டோஸை மறுபடி போடும்போது சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்து பழகியதால் வந்தது. லினக்ஸ் இன்ஸ்டாலரில் வரும் 'எரேஸ் டிஸ்க்' அப்படியில்லை. பெரும்பாலான லேப்டாப்புகளில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கைப் பிரித்த பாகங்கள்தான். 'எரேஸ் டிஸ்க்' முழு டிஸ்க்கையும் துடைத்துவிடும்.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது, பழைய லேப்டாப்புகள் பலவற்றில் அது கிடையாது. அதனால் லினக்ஸ் கேட்டு வருகிறவர்கள் அதிகம். தாராளமாகப் போடுங்கள். 4 ஜிபி ராம் இருந்தாலே மின்டின் இலகுவான பதிப்பான எக்ஸ்எஃப்சிஇ நன்றாக ஓடும்.

ஆனால் முதலில் எல்லாவற்றையும் வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுங்கள். எடுத்ததில் நாலு போட்டோவை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். அப்புறம் 8 ஜிபி பென்டிரைவில் மின்டை ஏற்றுங்கள் (அதில் ஏற்கெனவே இருப்பதும் அழியும்). இன்ஸ்டால் செய்யாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டி, வைஃபை பிடிக்கிறதா, சவுண்டு வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். விண்டோஸையும் கூடவே வைத்துக்கொள்வதென்றால், பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்து அதன் 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். நாம் ஆன் செய்யாமலே சில லேப்டாப்புகளில் அது ஆன் ஆகியிருக்கும்.

தப்பித்தவறி அழித்துவிட்டால் உடனே லேப்டாப்பை அணைத்துவிடுங்கள். ஓட்ட ஓட்ட, அழிந்த ஃபைல்களின் இடத்தில் புதியது எழுதப்படும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி என்றால் மீட்பது பெரும்பாலும் நடக்காது.

அந்தப் பையனுடையது பழைய ஹார்ட் டிஸ்க். அழிந்த ஃபைல்களை மீட்கும் ஃபோட்டோரெக் என்ற மென்பொருளைப் போட்டதில் கொஞ்சம் திரும்பி வந்தது. ஃபைல் பெயரெல்லாம் போய் வெறும் எண்கள். பாதி படங்கள் திறக்கவில்லை. அவன் அம்மா கடை ஸ்டூலில் உட்கார்ந்து, தாலி கட்டும் போட்டோ வந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.