‘நான்-இன்டிஃபரன்ஸ்’: தமிழில் எப்படிச் சொல்வது?

ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான ஆப்பிரிக்க ஒன்றியத்தைப் பற்றிப் படிப்பவர்கள் ‘நான்-இன்டிஃபரன்ஸ்’ (non-indifference) என்ற சொல்லைத் தாண்டாமல் போக முடியாது. இன்னொரு நாட்டில் பெருங்கொடுமை நடக்கும்போது கண்டும் காணாமல் இருக்கக் கூடாது என்ற கொள்கை அது. அலட்சியமின்மை, உதாசீனமின்மை என்றெல்லாம் தமிழில் எழுதிப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை.

இது ‘தலையிடாமை’க்கு மறுமொழியாக வந்த சொல். 1963-ல் அடிஸ் அபாபாவில் ஒன்றியத்தின் முன்னோடியான ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு உருவானபோது, ஒருவர் உள்விவகாரத்தில் மற்றவர் தலையிடக் கூடாது என்று சாசனத்திலேயே எழுதினார்கள். அப்போதுதான் விடுதலை பெற்ற நாடுகள், வேறெப்படி எழுதுவார்கள்? ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு சொந்த மக்களை அடித்தவர்களுக்கும் அந்த விதி வசதியாகிப்போனது. 1994-ல் ருவாண்டாவில் சுமார் 100 நாள்களில் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். அப்புறம் 2000-ல் டோகோ நாட்டின் லோமே நகரில் ஏற்கப்பட்ட, ஒன்றியத்தை உருவாக்கிய சட்டத்தைப் பாருங்கள். நான்காம் பிரிவில் ‘ஜி’ உட்பிரிவு, எந்த உறுப்பு நாடும் இன்னொரு நாட்டில் தலையிடாதே என்கிறது. அடுத்த வரியிலேயே ‘எச்’ உட்பிரிவு, இனப்படுகொலையோ போர்க்குற்றமோ மானுடத்துக்கு எதிரான குற்றமோ நடந்தால் ஒன்றியம் தலையிடலாம் என்கிறது.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘இன்டிஃபரன்ஸ்’ லத்தீன் வழி வந்தது. மூலப்பொருள் ‘வேறுபாடின்மை’, எதுவானாலும் எனக்கு ஒன்றுதான் என்பது பிற்பாடு அக்கறையின்மை ஆனது. உதாசீனம் வடசொல், ‘ஒதுங்கி உட்கார்ந்திருத்தல்’. அர்த்தசாஸ்திரத்தில் உதாசீனன் என்பவன் நடுநிலை அரசன்; வசையே இல்லை. தமிழில் அது திட்டாக மாறியது.

எனக்குப் பிடித்தது பாராமுகம். பாராத முகம். கண்ணில் படாததால் அல்ல, தெரிந்தே திருப்பிக்கொண்ட முகம். முன்பின் தெரியாதவரிடம் யாரும் ‘ஏன் இந்தப் பாராமுகம்?’ என்று கேட்பதில்லை, உறவுக்காரரிடம்தான் கேட்போம். அண்டை நாடுகளின் பொறுப்பைப் பேச இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ‘பாராமுகமின்மை’ நாக்கில் இடறுகிறது, ‘பாராதிராமை’ இன்னும் மோசம். ‘பாராமுகம் தவிர்த்தல்’ என்பதே என் தேர்வு.

நடைமுறை வேறு. 2015 டிசம்பரில், அரசியல் வன்முறை நடந்துகொண்டிருந்த புருண்டிக்கு 5,000 பேர் கொண்ட படையை அனுப்ப ஒன்றியத்தின் அமைதி, பாதுகாப்பு அவை ஒப்புதல் தந்தது. புருண்டி அரசு வேண்டாம் என்றது. அடுத்த மாத உச்சிமாநாட்டில் தலைவர்கள் பின்வாங்கிவிட்டார்கள்.