குளிரில் இனிக்கும் கீரை, மழையில் கரையும் சத்து

இலையுதிர் காலத்தின் முதல் உறைபனி விழுந்த காலையில் காய்கறிப் பாத்திக்குப் போனால், இரண்டு செடிகளை அடுத்தடுத்துப் பாருங்கள். பரங்கிக் கொடியின் இலை வெந்நீர் ஊற்றியது போலக் கறுத்துத் துவண்டு கிடக்கும். நாலடி தள்ளி நிற்கும், முட்டைக்கோஸ் இனத்தைச் சேர்ந்த கேல் கீரையும் கண்ணாடித் தகடு மாதிரி விறைத்து, இலை விளிம்பெல்லாம் வெள்ளை படிந்து, இதுவும் செத்துவிட்டது என்றே தோன்றும். ஆனால் வெயில் ஏறி அந்த வெள்ளை உருகியதும் அது ஒன்றுமே நடக்காதது போல நிமிர்ந்து நிற்கும். அதே இரவு, அதே குளிர், ஒன்று போய்விட்டது, மற்றது பிழைத்துக்கொண்டது. எனக்கு இந்தப் பருவத்திலேயே மிகவும் பிடித்த காட்சி இதுதான்.

செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்து, பாட்டில் வெடிப்பது போலச் செல் வெடித்துவிடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. செல்களுக்கு இடையே உள்ள இடுக்குகளில்தான் பனிக்கட்டி முதலில் உருவாகிறது, ஏனென்றால் அங்கே இருக்கும் நீரில் கரைந்த பொருட்கள் குறைவு. அந்தப் பனிக்கட்டி செல்லுக்குள்ளிருந்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி வெளியே இழுக்கிறது. அதாவது உறைபனியில் செடி படும் பாடு, உண்மையில் வறட்சியில் படும் பாடுதான். வற்றிச் சுருங்கிய செல்லின் சவ்வு சிதைந்துவிட்டால், பனி உருகும்போது உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கசிந்துவிடும். பரங்கி இலை கறுத்து ஈரமாகக் கிடப்பது அதனால்தான்.

கேல் என்ன செய்கிறது? இரவுகள் குளிரத் தொடங்கிய நாளிலிருந்தே அது தயாராகிக்கொண்டிருக்கிறது. முதலில் சவ்வில் உள்ள கொழுப்பின் வகையை மாற்றிக்கொள்கிறது. தேங்காய் எண்ணெய் குளிரில் கட்டியாகிவிடும், வேறு சில எண்ணெய்கள் ஆகாது அல்லவா, அது போல இறுகாத வகைக் கொழுப்பைச் சவ்வில் கூட்டிக்கொள்கிறது. அப்புறம் சர்க்கரையைச் சேர்க்கிறது. கரைந்த சர்க்கரை நீரின் உறைநிலையைக் குறைக்கும் என்பது சரி, ஆனால் அது பெரிய அளவு இல்லை: ஒரு கிலோ நீரில் 342 கிராம் சர்க்கரையைக் கரைத்தாலும் உறைநிலை ஏறத்தாழ 1.86 டிகிரி செல்சியஸ்தான் இறங்கும். செல் வற்றும்போது சவ்வும் புரதங்களும் குலைந்துவிடாமல் தாங்கிப் பிடிப்பதுதான் சர்க்கரையின் முக்கியமான வேலை. மண்ணுக்குள் இருக்கும் கேரட்டிலும், கேரட் மாதிரியே வெள்ளையாக இருக்கும் பார்ஸ்னிப் கிழங்கிலும் குளிர் ஏற ஏற மாவுச்சத்து சர்க்கரையாக உடைகிறது. நமக்கு இனிப்பாகத் தெரிவது, செடி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சேர்த்து வைத்த பொருள். அதனால் இவற்றை அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள், இரண்டு மூன்று உறைபனி பார்த்த பிறகு தின்று பாருங்கள்.

ஆனால் இந்தத் தயாரிப்புக்கு நாட்கள், சில நேரம் வாரங்கள்கூட வேண்டும். வெதுவெதுப்பான வாரம் ஒன்று முடிந்த கையோடு திடீரென்று கடும்பனி அடித்தால் கேல்கூடப் பாதிக்கப்படும். பருவம் முடிகிற நேரத்தில் தழைச்சத்து உரத்தை அள்ளிப் போடுவதும் இதனாலேயே தப்பு, இளந்தளிராகத் துளிர்த்த இலைக்குக் குளிரைத் தாங்கும் இந்த வலு ஏறியிருக்காது. தக்காளிக்கோ இந்தத் திறமை அறவே கிடையாது, முற்றிய காயாக இருந்தாலும் பனிக்கு முன்பே பறித்து வீட்டுக்குள் வைத்துவிட்டால் பழுத்துவிடும்.

இன்னொன்று, வானிலை அறிவிப்பில் 3 டிகிரி என்று சொன்னால் நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். அந்தக் கணக்கு தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில் உள்ள காற்றுக்கு. மேகமில்லாத, காற்றடிக்காத இரவில் இலை தன் வெப்பத்தை நேராக வானத்துக்கு விட்டுக்கொண்டே இருப்பதால், சுற்றியுள்ள காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்து உறைந்தே போகும். மேலே ஒரு மெல்லிய துணி விரித்திருந்தால் அந்த வெப்பத்தில் கொஞ்சம் தங்கும்.

சரி, காலியான பாத்திக்கு வருவோம். வெறும் மண்ணாக விடுவதுதான் நான் பார்க்கும் பெரிய நஷ்டம். மேலே குளிர்ந்தாலும் மண்ணில் கோடையின் சூடு இன்னும் மிச்சம் இருப்பதால், நுண்ணுயிர்கள் தழைச்சத்தை நைட்ரேட்டாக மாற்றிக்கொண்டே இருக்கின்றன. நைட்ரேட்டுக்கு எதிர்மின்னேற்றம். களிமண் துகளுக்கும் அதேதான், ஆகவே அதைப் பிடித்து வைத்துக்கொள்ள ஆளில்லை, மழை பெய்யப் பெய்ய வேர் எட்டாத ஆழத்துக்குப் போய்விடும். கோதுமை போன்ற தானியமான ரை மாதிரி, குளிர் தாங்கி மண்ணை மூடி வளரும் ஒரு மூடுபயிரை விதைத்துவிட்டால் போதும், அதன் வேர் அந்த நைட்ரேட்டை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், வசந்தத்தில் மடக்கி உழுதால் மண்ணுக்கே திரும்பிவிடும். உதிர்ந்த மர இலைகளைக் கொண்டுவந்து மூடலாம், ஆனால் அவற்றில் சத்தை எதிர்பார்க்காதீர்கள். மரம் இலையை உதிர்க்கும் முன் தழைச்சத்தில் ஏறக்குறைய பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிடும். மிச்சமிருப்பதைப் பூஞ்சைகள்தான் மெதுவாக மக்கவைக்க வேண்டும், ஓரிரு வருடம் ஆகும், ஆனால் அந்த இலைமக்கு ஈரத்தைப் பிடித்துவைப்பதில் அருமையானது.

கடைசியாக நடுவது பூண்டு. பல்லின் கூர்முனை மேலே இருக்கும்படி நாலைந்து சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றினால், குளிர் முழுக்க வேர் விட்டபடி காத்திருக்கும். 10 டிகிரிக்குக் கீழே பல வாரங்கள் கழிந்தால்தான் பூண்டு தன்னைப் பல்பல்லாகப் பிரித்துக்கொள்ளும். வசந்தத்தில் தாமதமாக நட்டு அந்தக் குளிர் கிடைக்காமல் போனால், தோண்டும்போது சின்ன வெங்காயம் போல ஒரே உருண்டையாக வரும். அதையும் தூக்கி எறிய வேண்டாம். அடுத்த இலையுதிர் காலத்தில் அதே உருண்டையை ஊன்றினால், குளிரைப் பார்த்த பிறகு பல் பிரிந்த முழுப் பூண்டாகும்.