எழுத்தில் ஏறாத குரல்

குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊரில் இருக்கும் அக்கா, மஸ்கட்டில் வேலை பார்க்கும் தம்பிக்குக் கோயில் கொடைக்கு முன்பு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம்: "லீவு கிட்டலன்னா வரண்டாம்." அலைந்து திரிந்து சிரமப்படாதே என்று அவள் ஆறுதலாகத்தான் எழுதினாள். தம்பிக்கோ அது, நீ வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று கேட்கிறது.

இதையே அவள் போனில் சொல்லியிருந்தால் குழப்பம் நேர்ந்திருக்காது. பேசும்போது குரல்நாண்களின் அதிர்வு வேகம் கூடிக் குறைந்து சுருதியை மாற்றுகிறது. அசைகளின் நீளமும் அழுத்தமும் இடையில் விடும் மூச்சும் அதனுடன் சேர்ந்துகொள்கின்றன. "வரண்டாம்" என்பதன் கடைசி அசையை நீட்டித் தணித்தால் பரிவு. வெடுக்கென்று முறித்தால் கோபம். எழுத்து இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஆனால் வாசிப்பவர் மனத்தில் குரல் இல்லாமல் போவதில்லை. ஒருவர் பேசியதை அப்படியே தரும் நேர்க்கூற்று வாக்கியங்களை மௌனமாக வாசிக்கும்போதும், மூளையில் குரலை உணரும் பகுதிகள் கூடுதலாக இயங்குவதை கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் காட்டினார்கள். எழுதியவரின் குரல் கிடைக்காத இடத்தில், வாசிப்பவர் தம் அன்றைய மனநிலையிலிருந்து ஒரு குரலை எடுத்துப் பொருத்திவிடுகிறார்.

இந்தக் கோளாறு எழுதுபவருக்கு ஏன் தெரிவதில்லை என்பதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி முதலியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், சில வாக்கியங்களைக் கேலியாகவோ உண்மையாகவோ மின்னஞ்சலிலும் குரலிலும் தெரிவிக்கச் சொன்னார்கள். ஏறத்தாழ 78 விழுக்காடு சரியாகப் புரிந்துகொள்ளப்படும் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். குரலில் கேட்டவர்கள் அதற்கு நெருங்கி வந்தார்கள். மின்னஞ்சலில் வாசித்தவர்களோ 56 விழுக்காடுதான் சரியாகச் சொன்னார்கள், அதாவது காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல். அனுப்புபவரின் காதில் அவருடைய தொனி ஒலித்துக்கொண்டே இருப்பதால், அது எழுத்தில் இறங்கவில்லை என்பதை அவரால் உணர முடிவதில்லை. நண்பர்களும் அந்நியர்களைவிடச் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆகவே அக்கா தம்பி என்ற நெருக்கத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது.

சிறு குறிகளும் தொனியைத் திருப்பும். அழைப்புக்கு வரும் ஒற்றைச் சொல் பதிலின் முடிவில் முற்றுப்புள்ளி இருந்தால், குறுஞ்செய்தியில் அது மனமில்லாத பதிலாகத் தோன்றுவதை பிங்ஹாம்டன் பல்கலைக்கழக ஆய்வொன்று 2015இல் கண்டது. கையால் எழுதிய குறிப்பில் அந்த வேறுபாடு தெரியவில்லை. தம்பி "சரி." என்று பதில் போட்டால், இம்முறை வருந்துவது அக்காவாக இருக்கலாம்.

தமிழில் தொனியின் ஒரு பகுதியைச் சொல்லாகவே எழுதிவிட வழியுண்டு என்பது நமக்குப் பெரிய அனுகூலம். "வரண்டாம் மக்கா" என்று குமரி மாவட்டத்து விளி ஒன்றைச் சேர்த்தாலே கடுமை இறங்கிவிடுகிறது. ஏகாரமும் ஓகாரமும் "தானே", "கேட்டியா" போன்றவையும் இவ்வேலையையே செய்கின்றன. அலுவலகத் தமிழில் எழுதும்போது இவற்றையெல்லாம் களைந்துவிடுகிறோம்; அதனால்தான் விடுப்பு மறுப்பு போன்ற சாதாரணச் செய்திகூட அதட்டலாகத் தோன்றுகிறது.

க்ரூகர் குழுவின் மற்றொரு சோதனையில், தம் வாக்கியத்தைத் தாம் கருதியதற்கு நேர்மாறான தொனியில் வாய்விட்டுப் படித்தவர்களுக்கு அந்த மிகை நம்பிக்கை குறைந்தது. அனுப்புமுன் ஒருமுறை கோபக் குரலில் படித்துப் பார்ப்பது அரை நிமிட வேலை. சொத்துப் பங்கு, கல்யாணப் பேச்சு போன்றவற்றுக்கு அதுவும் போதாது. அங்கே குரல் பதிவு அனுப்புவதே நல்லது.