கடைசி நேரத்தில் வென்டிலேட்டர் வேண்டாம் என்றால், இன்றே எழுதிவையுங்கள்

தேற வழியில்லாத நிலையில் தம்மைக் கருவிகளில் மாட்டிவைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்றது. மாஜிஸ்திரேட் மேலொப்பமிட வேண்டும் என்ற நிபந்தனையை 2023 ஜனவரி 24 அன்று நீக்கியது. ஊசி போட்டு உயிரைப் போக்குவதற்கு இதில் இடமில்லை.

எனக்குத் தெரிந்த கத்தோலிக்க மூதாட்டி ஒருவர், அது தற்கொலைப் பாவம் ஆகிவிடுமோ என்று அஞ்சி எழுதாமலே இருந்துவிட்டார். திருச்சபையின் போதனையோ வேறு. அளவுக்கு மீறிய சிகிச்சையை ஏற்கும் கடமை யாருக்கும் இல்லை என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957இலேயே கூறிவிட்டார். குழாய் வழி உணவையும் நீரையும் மட்டும் பொதுவாக நிறுத்தக் கூடாது என்று திருச்சபை கருதுவதால், வென்டிலேட்டரைப் பற்றி ஒரு வரியும் உணவுக் குழாயைப் பற்றித் தனியே ஒரு வரியும் எழுதுங்கள். 'எந்தச் சிகிச்சையும் வேண்டாம்' என்று மொத்தமாக எழுதாதீர்கள்.

அந்த அம்மையாரின் பிள்ளைகளிடம் கடைசியில் மருத்துவமனை நீட்டியது, மருத்துவ ஆலோசனையை மீறி அழைத்துச் செல்கிறோம் என்ற படிவம். கையெழுத்திட்டார்கள். வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் ஊழியர் சுவாசக் குழாயை அகற்றினார். வலிக்கு மருந்து கொடுக்க ஒருவரும் இல்லை. ஜெபமாலையைப் பிடித்திருந்த அவர் விரல்கள் விடியும்வரை இறுகி இறுகித் தளர்ந்தன. அந்தப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். முறைப்படி சிகிச்சையை நிறுத்தும்போது, வலி தணிக்கும் பராமரிப்பைத் தொடர்வது மருத்துவமனையின் பொறுப்பு.

ஆவணத்தில் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்றொப்பம் பெற வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யத் தேவையில்லை. அங்கே போய் வரிசையில் நின்று ஒரு நாளை இழக்காதீர்கள். நோட்டரிக்கே இது புதிதாக இருக்கக்கூடும் என்பதால் 2023 உத்தரவின் நகலைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். உங்கள் சார்பில் முடிவெடுப்பவராக ஒருவருக்கு மேல் பெயர் குறிப்பிடலாம். குறிப்பிடுவதே நல்லது, ஏனெனில் அந்த ஒருவர் ஊரில் இல்லாத இரவில்தான் கேள்வி வரும். உள்ளாட்சி அலுவலகம் நகலைப் பெற்றுப் பாதுகாக்க ஓர் அதிகாரியை நியமித்திருக்க வேண்டும். 'அந்த சீட்டுக்கு இன்னும் ஆள் போடவில்லை' என்று பிரிவு பிரிவாக அலையவிட்டால், தபால் பிரிவில் கொடுத்து முத்திரையிட்ட ஒப்புகை வாங்கிவிடுங்கள்.

மருத்துவமனையில் அதிகம் கேட்கப்போகும் பதில் 'கோர்ட் ஆர்டர் கொண்டு வாருங்கள்' என்பது. தேவையில்லை. சிகிச்சை அளிக்கும் மருத்துவரும் இரண்டு நிபுணர்களும் கொண்ட முதல் குழுவும், மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் ஒருவர் இடம்பெறும் இரண்டாம் குழுவும் ஒப்புக்கொண்டால் போதும்; ஒவ்வொன்றும் இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் சொல்வது மருத்துவமனையின் வேலை. அதை உங்கள் தலையில் கட்ட விடாதீர்கள். குழுவை அமைக்கக் கோரி எழுத்தில் மனு கொடுத்து, நேரம் குறித்த ஒப்புகை பெறுங்கள். வாய்மொழிக் கோரிக்கை அடுத்த ஷிஃப்ட் மருத்துவர் வரும்போது காணாமல் போய்விடும். எழுதிவைக்காதவருக்காகவும் குடும்பத்தார் இதே குழுக்களைக் கோரலாம். குழு மறுத்தால் உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.

எழுதிய ஆவணத்தை பேங்க் லாக்கரில் பூட்டாதீர்கள். ஒரு நகல் குடும்ப மருத்துவரிடமும், இன்னொன்று உங்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்போகிறவரின் கையிலும் இருக்கட்டும். அட்மிஷன் போடும் அன்றே அதைக் கேஸ் ஷீட்டில் சேர்க்கச் சொல்ல வேண்டும்.